தூர் வாரக் கூடாத அகழிகள்: இங்கிலாந்தின் இடைக்கால மேனர் மனைகளும் அவற்றைக் காக்கும் சட்டமும்

ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனம் அச்சிடும் வரைபடத்தில் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் பகுதிகளை விரித்துப் பார்த்தால், வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன நீலச் சதுரங்கள் தென்படும். சில முழுச் சதுரம். சில ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவம். சில இடங்களில் மூலை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பக்கத்தில் ‘அகழி’ என்று காதிக் எழுத்தில் போட்டிருப்பார்கள். பழங்காலச் சின்னங்களைக் குறிக்க அந்த நிறுவனம் ஒதுக்கிவைத்திருக்கும் எழுத்து அது. நேரில் போய்ப் பார்த்தால் பலவற்றில் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் சிக்காது. கோரை மண்டிய பள்ளம், பாசி படிந்த தண்ணீர், நடுவே புல் முளைத்த ஒரு திட்டு, அதில் மேயும் ஆடுகள். கோபுரமோ கொத்தளமோ கிடையாது. ஒரு சுவர்கூட நிற்காத இடங்கள்தான் அதிகம்.

இப்படி அகழி சூழ்ந்த இடைக்கால மனைகள் இங்கிலாந்தில் ஏறத்தாழ 6,000 அறியப்பட்டுள்ளன. அயர்லாந்திலும், இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் இவற்றின் உறவுக்காரர்கள் உண்டு. வின்ட்சர், டோவர் போன்ற பெருங்கோட்டைகளைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள் இந்தப் பள்ளங்களைக் கவனிக்க வெகுகாலம் ஆயிற்று. இவற்றுக்கென்று ஓர் ஆய்வுக்குழு உருவானது 1970களின் தொடக்கத்தில்தான். கைவிடப்பட்ட இடைக்கால ஊர்களை ஆராய்ந்துவந்த குழுவோடு அது 1986இல் இணைந்தது. மன்னர்களும் பெரும் பிரபுக்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குக் கோட்டைகள் சாட்சி. அவர்களுக்குக் கீழே இருந்த சிறு நிலக்கிழார், கையில் காசு சேர்ந்த சுதந்திரக் குடியானவர், ஊருக்குப் புதிதாக வந்த வணிகர் ஆகியோருக்கு இந்த அகழிகளை விட்டால் வேறு சாட்சி குறைவு. அதனால்தான் ஒன்றுமில்லாத பள்ளம்போல் தெரியும் இவற்றைக் காப்பதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

யார் வெட்டினார்கள், எதற்கு?

மேனர் என்பது இடைக்கால இங்கிலாந்தின் நிலவுடைமை அலகு. நிலக்கிழாரின் வீடு, அவருடைய சொந்தப் பண்ணை, அவருக்குக் கூலியில்லா உழைப்பும் வாரமும் தரக் கடமைப்பட்ட குடிகளின் நிலங்கள், அவர்களின் வழக்கைத் தீர்க்கும் மன்றம் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்த வீட்டைச் சுற்றித்தான் பெரும்பாலும் அகழி வெட்டினார்கள். மடங்களின் வெளிப்பண்ணைகளைச் சுற்றியும் வெட்டியதுண்டு.

இந்த வேலை உச்சத்தில் இருந்த காலம் சுமாராக 1250 முதல் 1350 வரை. மக்கள்தொகை பெருகி, காடுகளை வெட்டிப் புது வயல் திருத்திய காலம். தானிய விலை ஏறி, விற்க விளைச்சல் வைத்திருந்தவர் கையில் பணம் புரண்டது. புதிதாகக் காடு திருத்திய வார்விக்‌ஷயரின் ஆர்டன் பகுதியிலும் கிழக்கு இங்கிலாந்தின் களிமண் பூமியிலும் அகழிகள் அடர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம். மண்ணும் ஒத்துழைத்தது. களிமண்ணில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் தங்கும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் எவ்வளவு தோண்டினாலும் நீர் உள்ளே இறங்கிவிடும். நீர் பற்றாத இடங்களில் ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, கரை கட்டி நிரப்பினார்கள். ஏரிப் பாசனம் தெரிந்த நமக்கு அந்த நுட்பத்தில் விளங்காதது எதுவும் இல்லை.

எதிரியைத் தடுக்க வெட்டினார்கள் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. பெரும்பாலான மேனர் அகழிகளுக்கு அது பொருந்தாது. பத்துப் பதினைந்து மீட்டர் அகலப் பள்ளம் இரவுத் திருடனையும் அலையும் மாட்டையும் நிறுத்தும், படையை நிறுத்தாது. அகழியின் வேலை அந்தஸ்தைக் காட்டுவது. வீட்டு மதிலின் உச்சியில் போர்க்கோட்டை போல மேடும் இடைவெளியும் மாறிவரும் பல்வரிசை கட்ட அரசரிடம் உரிமம் வாங்குவது வழக்கம். அகழி வெட்ட அப்படி எதுவும் தேவைப்படவில்லை. ஆக, பிரபு வீட்டுத் தோற்றத்தைக் குறைந்த செலவில் பெற அதைவிட நல்ல வழி இல்லை. மற்றப் பயன்கள் கூடவே வந்தன. ஈரக் களிமண்ணில் வீடு கட்டும் திட்டு வடிந்து காய்ந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களிலும் இறைச்சி விலக்கிய சமூகத்துக்கு மீன் கிடைத்தது. கழிப்பறைக் குழாய்க்கும் சமையலறைக் குப்பைக்கும் போக்கிடம் கிடைத்தது. இந்தக் கடைசிப் பயனைத்தான் தொல்லியலாளர்கள் கொண்டாடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்ஸே இதற்கு நல்ல உதாரணம். ஊர்க்காரர்கள் கோட்டை என்கிறார்கள். உண்மையில் அது ஒரு கம்பளி வியாபாரியின் வீடு. லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ், அந்நாளில் இங்கிலாந்தின் பெரும் பணக்காரக் கம்பளி வணிகர்களில் ஒருவர். 1281இல் மேனரை வாங்கினார். 1291இல் பல்வரிசை மதிலுக்கு அரச உரிமம் பெற்றார். 1294இல் கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி இறந்துபோனார். அவருடைய கூடத்தின் பெரிய ஜன்னல்களைப் பார்த்தாலே, சண்டையை எதிர்பார்த்தவர் கட்டிய வீடு அல்ல என்று தெரியும். அகழி இப்போது வறண்டு, தோட்டமாகத்தான் இருக்கிறது.

கெட்டியான கோட்டைகளிலும் இதே கேள்வி எழுந்தது. சசெக்ஸின் போடியம் கோட்டைக்கு 1385இல் உரிமம் வாங்கிய சர் எட்வர்ட் டாலிங்ரிக், பிரெஞ்சுப் படையெடுப்பைக் காரணமாகக் காட்டினார். ஆனால் அங்கிருக்கும் அகன்ற நீர்ப்பரப்பைத் தாங்குவது ஒரு கரை. அதை வெட்டிவிட்டால் நீர் வடிந்துவிடும். சுற்றியுள்ள குளங்களையும் வளைந்து வரும் பாதையையும் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், விருந்தாளியை வியக்கவைக்க அமைத்த நிலக்காட்சி இது என்று 1990 வாக்கில் வாதிட்டார்கள். விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் அகழி என்றால் போர் என்ற பழைய சமன்பாடு உடைந்துபோனது.

1348இல் பிளேக் வந்தது. குடிகள் செத்தார்கள், கூலி ஏறியது, வாரம் குறைந்தது. புதிதாக அகழி வெட்டுவது அருகியது, நிற்கவில்லை. நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ மாளிகைக்கு உரிமம் கிடைத்தது 1482இல். ஆனால் பல குடும்பங்கள் ஈரத் திட்டிலிருந்து வெளியேறிப் பக்கத்து மேட்டில் புதுப் பண்ணைவீடு கட்டிக்கொண்டன. பழைய மனை ஆட்டுப்பட்டியாகவும் அகழி மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையாகவும் மாறின. அந்த அலட்சியம்தான் அவற்றை 20ஆம் நூற்றாண்டு வரை கொண்டுவந்து சேர்த்தது.

சேற்றுக்குள் இருக்கும் ஆவணம்

நம் ஊரில் குளத்தைத் தூர் வாருவது புண்ணியம். கோடையில் ஊர் கூடிச் செய்கிற வேலை அது. அதே நல்லெண்ணத்தோடு ஓர் இங்கிலாந்துப் பண்ணைக்காரர் தன் அகழியைத் தூர் வாரினால், அந்த மனையின் வரலாற்றையே லாரியில் ஏற்றி வயலில் கொட்டியதாகும்.

காரணம் எளிது. தண்ணீர் நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் நுழையாது. மரத்தையும் தோலையும் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே வாழ முடியாது. எனவே காய்ந்த மண்ணில் சில பத்தாண்டுகளில் மறைந்துபோகும் பொருட்கள் அகழி அடியில் 700 ஆண்டுகள் கிடக்கின்றன. மரப்பாலத்தின் அடிக்கட்டைகள், செருப்பு, கிண்ணம், கயிறு, பழக்கொட்டை, தானியத்தின் மகரந்தம், வண்டின் ஓடு. பாலக்கட்டையின் வளையங்களை எண்ணி மரம் வெட்டிய ஆண்டைச் சொல்லலாம். மரப்பட்டை ஒட்டியிருந்தால் எந்தப் பருவத்தில் வெட்டினார்கள் என்றுகூடச் சொல்லலாம். எந்த வகை வண்டு கிடைக்கிறது என்பதை வைத்து, சுற்றி இருந்தது காடா மேய்ச்சல் நிலமா என்று கணிக்கிறார்கள். மேனர் கணக்கேடுகள் எத்தனை புஷல் கோதுமை விற்றார்கள் என்று சொல்லும். சமையற்காரி எதைத் தூக்கி எறிந்தாள் என்பது சேற்றில்தான் பதிவாகியிருக்கிறது.

பர்மிங்காம் நகரின் தென்மேற்கில், குடியிருப்புகளுக்கு நடுவே, வியோலி என்ற இடம் இருக்கிறது. பெயரில் கோட்டை என்றாலும் அகழி சூழ்ந்த மேனர் மனைதான். 1264இல் ரோஜர் டி சாமெரி உரிமம் பெற்றார். 1950களில் அங்கே தோண்டியபோது, 13ஆம் நூற்றாண்டின் மரச் சமையற்கட்டு ஒன்று வெளிப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி கிடைமட்டமாக அடித்த சுவர்ப் பலகைகள், ஈரத்தின் தயவில், கட்டியவர் வைத்தபடியே மிஞ்சியிருந்தன. அந்தக் காலத்துச் சாதாரண மரக்கட்டடங்களில் பெரும்பாலும் தூண் நட்ட குழிகளின் கறைதான் மண்ணில் கிடைக்கும். பலகையையே தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். அந்த ஈரம் இல்லாமல் போயிருந்தால், அந்த இடத்தில் ஒரு சமையற்கட்டு இருந்தது என்பதற்கு மேல் நமக்கு அதிகம் தெரிந்திருக்காது.

கர்சன் மீட்டதும் இழந்ததும்

பழஞ்சின்னங்களைக் காக்கும் முதல் பிரிட்டிஷ் சட்டம் 1882இல் வந்தது. ஜான் லப்பக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பல ஆண்டுகள் போராடிக் கொண்டுவந்தார். அதன் அட்டவணையில் இருந்தவை 68 இடங்கள், பெரும்பாலும் ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற வரலாற்றுக்கு முந்தையவை. உரிமையாளர் மனமுவந்து ஒப்படைத்தால் மட்டுமே அரசு கை வைக்க முடியும். தனியார் சொத்தில் அரசு தலையிடுவதை அன்றைய நாடாளுமன்றம் விரும்பவில்லை. இடைக்கால மேனர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படவில்லை.

நிலைமையை மாற்றியது லிங்கன்ஷயரின் டாட்டர்ஷால். 15ஆம் நூற்றாண்டில் ரால்ஃப் குரோம்வெல் கட்டிய செங்கல் கோபுரம், இரட்டை அகழி. 1911இல் அதன் செதுக்கு வேலைப்பாடுள்ள பெரிய கல் கணப்புகளைப் பெயர்த்து அமெரிக்காவுக்கு அனுப்ப விற்றுவிட்டார்கள். அப்போது முன்வந்து இடத்தை விலைக்கு வாங்கியவர் கர்சன் பிரபு. இந்தியாவின் வைஸ்ராயாக வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன். கணப்புகளைத் தேடிப் பிடித்து, 1912இல் திரும்பக் கொண்டுவந்து பொருத்தினார்.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1904இல் இந்தியாவுக்குத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும், நலிந்து கிடந்த இந்தியத் தொல்லியல் துறையைத் தூக்கி நிறுத்தியதும் கர்சன் ஆட்சியில்தான். இந்தியாவில் தான் செய்ததைத் தாய்நாட்டில் செய்ய முடியாமல் இருப்பதை அவர் பிரபுக்கள் சபையில் பேசினார். 1913இல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி அட்டவணையில் உள்ள இடத்தில் கை வைக்கும் முன் உரிமையாளர் ஒரு மாத அறிவிப்பு தர வேண்டும். அரசு தேவைப்பட்டால் தடுக்கலாம். இன்றைக்கு இது சிறிய படியாகத் தெரியும். தனிமனிதர் நிலத்தில் பொதுமக்களின் வரலாற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அந்நாட்டுச் சட்டம் அழுத்தமாக ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

கர்சனுக்கு நன்றி சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டாட்டர்ஷாலின் தூர்ந்துபோன அகழிகளை அவர் மறுபடி தோண்டவைத்தார். பிறகு போடியத்தையும் வாங்கி, அதன் மூன்று ஏக்கர் அகழியை வடித்துச் சேற்றை அள்ளவைத்தார். பழைய பாலங்களின் அடித்தளங்கள் அப்போது தெரியவந்தன, சராசரி ஆழம் ஐந்து அடி என்றும் தெரிந்தது. 1925இல் அவர் இறந்தபோது இரண்டையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். இன்று தண்ணீரில் நிழல் விழ நிற்கும் போடியத்தைப் படமெடுக்கும் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் அந்தச் சேற்றை இன்றைய ஆய்வகத்தில் அலசியிருந்தால் கிடைத்திருக்கும் விதையும் வண்டும் மகரந்தமும் போனது போனதுதான். கல்லைக் காக்க வேண்டும் என்று தெரிந்த தலைமுறைக்குச் சேறும் சின்னத்தின் பகுதி என்பது தெரிந்திருக்கவில்லை. இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நூறாண்டு கழித்தும் அதே வழக்கம் தொடர்ந்தால் நிச்சயம் குறை சொல்லலாம்.

இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது

இன்று நடப்பில் உள்ளது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்ற நிலையை மாற்றி, முன் அனுமதி கட்டாயம் என்றாக்கியது அதுதான். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 இடங்கள் அதன் அட்டவணையில் உள்ளன. அகழி மனைகளில் கணிசமானவை அதற்குள் வந்துவிட்டன, கணிசமானவை வெளியேயும் நிற்கின்றன. அட்டவணை இடத்தில் தோண்டவோ நிரப்பவோ வடிகால் போடவோ மரம் நடவோ, தூர் வாரவோகூட, அமைச்சரின் அனுமதி வேண்டும். அவருக்கு ஆலோசனை தருவது ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு. அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் கொண்டுபோவதே குற்றம். தெரிந்தே சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நிலம் உரிமையாளருடையதாகவே இருக்கும். பொதுமக்களுக்கு உள்ளே போகும் உரிமை வராது. பராமரித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் உரிமையாளருக்கு இல்லை. இந்தக் கடைசி அம்சம் பல அகழிகளைப் புதர்க்காடாக்கியிருக்கிறது.

இதில் இரண்டு விசித்திரங்கள். முதலாவது, மக்கள் குடியிருக்கும் வீட்டை அட்டவணையில் சேர்க்க முடியாது. ஒரே திட்டில் வீடும் இருந்தால், வீட்டுக்குக் கட்டடப் பட்டியல் என்ற வேறொரு சட்டம், சுற்றியுள்ள மண்ணுக்கும் அகழிக்கும் இந்தச் சட்டம் என்று இரண்டு பாதுகாப்பு. கென்ட்டின் ஐதம் மோட் மாளிகை 14ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தொடங்கியது. அதன் முற்றத்தில் நிற்கும் நாய்க்கூண்டுகூட முதல்தரப் பட்டியல் கட்டடம். 1985இல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தபின், 1989 முதல் 2004 வரை அங்கே நடந்த சீரமைப்புக்கு 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. நியாயமான செலவுதான். கட்டடம் நிற்கிற இடத்துக்குப் பணமும் பார்வையாளரும் கதையும் சேர்ந்துவிடுகின்றன. வார்விக்‌ஷயரின் பாடஸ்லி கிளின்டனில், கத்தோலிக்கப் பாதிரிகள் வேட்டையாடப்பட்ட 1591இல், அகழியோரப் பழைய சாக்கடைக்குள் கணுக்கால் தண்ணீரில் பாதிரிமார்கள் மணிக்கணக்காக நின்று உயிர் தப்பினார்கள். அந்தக் குழியைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. வெறும் திட்டுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? அதற்குச் சட்டத்தைத் தவிர வேறு காவல் கிடையாது. ஆகவே சட்டத்தின் ஓட்டைகள் முதலில் பாதிப்பது இந்த வெற்றுத் திட்டுகளைத்தான்.

இரண்டாவது விசித்திரம் உழவு. 1994ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி, முந்தைய ஆறு ஆண்டுகளில் சட்டப்படி உழுதுவந்த அட்டவணை நிலத்தை அதே ஆழத்தில் தொடர்ந்து உழத் தனி அனுமதி தேவையில்லை. ஆழம் மாறவில்லை என்பார்கள். ஆனால் மழையில் மேல்மண் கரைய, ஒவ்வோர் ஆண்டும் கலப்பை சற்றே கீழே இறங்குகிறது. சுவரின் அடித்தளத்தை, அடுப்புத் தரையை, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விளைச்சலைக் கூட்ட வயலில் வடிகால் அமைக்க அரசே மானியம் தந்தது, புல்டோசர்கள் வந்தன, ஏராளமான அகழிகள் நிரவப்பட்டன. அதை நிறுத்தியாயிற்று. மிச்சத்தை இந்த மெதுவான உழவு தின்றுகொண்டிருக்கிறது. தொல்சின்னங்களுக்கான ஆபத்துப் பட்டியலை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வெளியிடும்போது உழவும் புதரும் முதல் வரிசையில் நிற்பது வழக்கம். உழவை நிறுத்திப் புல் வளர்க்கும் பண்ணைக்காரருக்கு மானியம் தரும் திட்டங்கள் உண்டு. என் பார்வையில், வழக்குப் போடுவதைவிட அதிக அகழிகளைக் காப்பாற்றியது அந்த மானியம்தான். உழவர் வயிற்றில் அடித்து எந்தச் சின்னத்தையும் நெடுநாள் காக்க முடியாது.

உயிரினங்களும் இந்தக் கணக்கில் உண்டு. பெரிய கொண்டை நியூட் என்ற நீர்வாழ் உயிரிக்குப் பழைய அகழி பிடித்தமான இடம். அதற்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால், அகழியில் வேலை செய்ய இரண்டாவது உரிமமும் வேண்டும். அது நல்லதே, தூர் வாரும் கையை அது தாமதப்படுத்துகிறது. வளை தோண்டும் பேட்ஜர் கதை வேறு. காய்ந்த திட்டு அதற்கு மிகவும் பிடிக்கும். இடைக்காலத் தரையைக் குடைந்து மண்ணை வெளியே தள்ளும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலங்கின் வளையைத் தொடக் கூடாது என்கிறது. ஒரு பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பாதுகாப்புச் சட்டத்தின் மேல் முட்டி நிற்க, ஒவ்வோர் இடத்துக்கும் உட்கார்ந்து பேசித்தான் தீர்வு காண்கிறார்கள்.

இந்தியாவில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அளவு வகுத்திருக்கிறது. இங்கிலாந்தில் அப்படி மீட்டர் கணக்கு கிடையாது. சின்னத்தின் ‘சூழல்’ என்று ஒரு கருத்தை வைத்து, ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே எடைபோடுகிறார்கள். மேனர் அகழிக்கு இந்த முறையே பொருந்தும். அது தனியே நின்ற பொருள் அல்ல. மீன்குளம், பழத்தோட்டம், மாதாகோவில், உழவு வரப்புகள், ஊர்ப்பாதை எல்லாம் சேர்ந்ததுதான் மேனர். அதில் எது முக்கியம் என்பதை மீட்டர் அளவு சொல்லாது. ஆனால் இந்த முறை அதிகாரியின் அக்கறையை நம்பி நிற்கிறது. உள்ளூராட்சியில் தொல்லியல் ஆலோசகர் இல்லாவிட்டால் ‘சூழல்’ என்ற சொல் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

அட்டவணைக்கு வெளியே: பர்மிங்காம்

ஒரு மேனர் எவ்வளவு பெரிய நகரமாக வளர முடியும் என்பதற்கும், வளர்ந்தபின் அதை எப்படி மறக்க முடியும் என்பதற்கும் பர்மிங்காமைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1086இல் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்த டூம்ஸ்டே பதிவேட்டில் அந்த மேனரின் மதிப்பு 20 ஷில்லிங். 1166இல் பீட்டர் டி பர்மிங்காம் தன் மனைவாசலில் வாரச்சந்தை நடத்த அரச உரிமை வாங்கினார். அந்தச் சந்தை இழுத்துவந்த கைவினைஞர்களும் வணிகர்களும்தான் இன்றைக்கு 11 லட்சம் பேர் வாழும் நகரத்தின் தொடக்கம். வட்ட வடிவ அகழிக்குள் இருந்த அவருடைய குடும்ப மனை, குடும்பம் நொடித்த பின்னும் நூற்றாண்டுகள் நின்றது. 1815-16 வாக்கில் அகழியை மண்போட்டு நிரப்பி, 1817இல் அதன்மேல் ஸ்மித்ஃபீல்ட் சந்தையைத் திறந்தார்கள். நகரத்தைப் பெற்ற இடம் தெருப்பெயர் ஒன்றிரண்டில் மட்டும் எஞ்சியது.

1970களில் அங்கே மொத்த விற்பனைச் சந்தை கட்டும்போது, இயந்திரங்கள் ஒருபுறம் தோண்ட, தொல்லியலாளர்கள் அவசர அவசரமாகக் குறிப்பெடுத்தார்கள். மணற்கல் சுவர்கள் வெளிவந்தன. நின்று நிதானமாக ஆராய அப்போது சட்டமும் இல்லை, காசும் இல்லை. 2018இல் சந்தை விட்டன் பகுதிக்கு இடம் மாற, கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இப்போது அந்த நிலம் பெரும் மறுவளர்ச்சித் திட்டம் ஒன்றுக்குள் இருக்கிறது. இம்முறை சூழ்நிலை வேறு. 1990 முதல், கட்டுமானம் செய்பவர் தன் செலவிலேயே தொல்லியல் ஆய்வு நடத்த வேண்டும் என்ற நெறி திட்டமிடலில் வந்துவிட்டது. அட்டவணையில் இல்லாவிட்டாலும் அதற்கு நிகரான தொல்லியல் முக்கியத்துவம் உள்ள இடத்தை, பாதுகாக்கப்பட்ட சின்னம்போலவே கருத வேண்டும் என்று 2012இல் வந்த தேசியத் திட்டமிடல் கொள்கை சொல்கிறது. அந்த வரியைப் பயன்படுத்த இதைவிடத் தகுந்த இடம் இருக்காது. சுவர்களையும் அகழிச் சேற்றையும் புதிய சதுக்கத்தின் கீழே ஈரத்தோடு விட்டுவைப்பதே என் முதல் விருப்பம். தோண்டியே ஆக வேண்டுமென்றால் 1970களின் அவசரம் மறுபடி நேரக் கூடாது.

தோண்டிப் பதிவுசெய்து பிறகு இழப்பதிலும் அறிவு கிடைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதிவேக ரயில் பாதைக்காக வார்விக்‌ஷயரின் கோல்ஸ்ஹில்லில் தோண்டியபோது, எண்கோண அகழி கொண்ட மேனரின் அருகே, யாரும் எதிர்பாராத பெரிய கல் வாயில்கட்டடம் ஒன்று கிடைத்தது. அதன் முகப்பில் துப்பாக்கிக் குண்டுகள் பட்ட சுமார் 200 தழும்புகள். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்ட நாட்களின் மோதல் ஒன்றோடு அவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள். கூடவே ஒரு பெரிய அலங்காரத் தோட்டத்தின் பாத்திகளும் பாதைகளும் தெரிந்தன. வான்வழிப் படத்தில் அகழி மட்டும்தான் முன்பு தெரிந்திருந்தது. மண்ணுக்குள் இருப்பதன் அளவை மேலிருந்து பார்த்து முடிவுகட்ட முடியாது என்பதற்கு இது போதும். இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து எடுக்கும் லைடார் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. காட்டுக்குள் மறைந்த அகழியைக்கூட வீட்டிலிருந்தபடியே ஒருவர் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதன் அடியில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்பதை லைடார் காட்டாது.

எல்லைக்கோடு அறியாத நீர்

அட்டவணை வரைபடத்தில் சிவப்புக் கோடு ஒன்று அகழியைச் சுற்றி ஓடும். கோட்டுக்குள் ஒரு கம்பம் நடவும் அனுமதி வேண்டும். கோட்டுக்கு வெளியே இரண்டு வயல் தள்ளி ஆழ்துளைக் கிணறு போட்டு நீர் உறிஞ்சினாலோ, ஓடையை ஆழப்படுத்தினாலோ, நிலத்தடி நீர் இறங்கி அகழியின் அடிச்சேறு காய்ந்துவிடும். காற்று உள்ளே போகும். 700 ஆண்டு தாங்கிய பாலக்கட்டை சில கோடைகளில் பொடியாகும். அட்டவணைச் சட்டத்தின் ஒரு பிரிவும் மீறப்பட்டிருக்காது. பள்ளத்தின் வடிவம் அப்படியே இருக்கும். வரைபடத்தில் நீலச் சதுரமும் மாறாது. சட்டம் இங்கே காப்பது மண்ணின் உருவத்தைத்தான், அதன் ஈரம் யார் பொறுப்பிலும் இல்லை.

கிழக்கு இங்கிலாந்து நாட்டிலேயே மழை குறைந்த பகுதி. பாசனத்துக்கும் குடிநீருக்கும் அங்கே நிலத்தடி நீரை நம்பியிருக்கிறார்கள். அகழிகள் மிக அடர்ந்து இருப்பதும் அங்கேதான். நீர் எடுக்க உரிமம் தருவது சுற்றுச்சூழல் முகமை. தொல்லியல் இடங்களின் நலனைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் அதற்கு ஒரு கடமை விதித்திருக்கிறது. கருத்தில் கொள்வது வேறு, அனுமதி பெறுவது வேறு. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, நீர் நிற்கும் தொல்லிடங்களில் அளவுகுழாய் இறக்கி நீர்மட்டத்தையும் நீரின் தன்மையையும் கண்காணிக்கும் முறைகளை விரிவாகச் சொல்கிறது. அறிவியல் தயாராக இருக்கிறது, ஆனால் வழிகாட்டி சட்டமாகாது.

செய்ய வேண்டியதும் பெரிய வேலை அல்ல. அட்டவணையில் உள்ள அகழிகளில் எவற்றில் ஈரச்சேறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று முதலில் பார்த்துத் தனியாகக் குறிக்க வேண்டும். அவற்றின் நீர்வரத்துப் பகுதிக்குள் புதிதாக நீர் எடுக்கும் உரிமமோ ஆழ வடிகாலோ கேட்டு விண்ணப்பம் வந்தால், தொல்லியல் ஆலோசகரைக் கேட்காமல் அதை முடிவுசெய்யக் கூடாது. உழவை நிறுத்துவதற்குத் தரும் மானியத்தைப் போல, மதகை அடைத்துத் தண்ணீரை நிறுத்திவைக்கும் பண்ணைக்காரருக்கும் மானியம் தரலாம். அந்த நீரால் நியூட்டும் வாழும், வெள்ளநீரும் கொஞ்சம் தங்கிப் போகும். ஆக, செலவைத் தொல்லியல் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. பேட்ஜர் வளைக்காக இரண்டு துறைகள் உட்கார்ந்து பேச முடிகிறதென்றால், நீர்மட்டத்துக்காகவும் அதே துறைகள் பேசலாம்.